செடி விஷயம் மட்டும்

ஆகஸ்ட் 28

தூங்குமூஞ்சிக்கு,

இது செடி விஷயமாக மட்டும் எழுதும் கடிதம். வேறு எதையும் இதில் தேடாதே. நீ போனில் கூப்பிடும்போது நான் எடுப்பதில்லை. எடுத்தால் திட்டத்தான் வரும். திட்டினால் அன்றைக்கு முழுக்கத் தையல் கோணிக்கொண்டு போகும். திரைச்சீலை தைத்துப் பிழைக்கிறவளுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால்தான் தாளும் பேனாவும். நீயும் பதிலுக்குச் செடியைப் பற்றி மட்டும் எழுது. அங்கே இங்கே போனால் அந்த வரியிலேயே மடித்து வைத்துவிடுவேன்.

மார்ச்சில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். உன் துணிமணி உன்னோடு போனது. தொட்டிகள் எல்லாம் என் தலையில் விழுந்தன. மாடிக் கம்பியில் ஏற்றினாயே காகிதப்பூ, அதற்குத் தினமும் வாளி வாளியாக ஊற்றுகிறேன். இலையாக விட்டுத் தள்ளுகிறது, பூ ஒன்றைக் காணோம். பெரணி ஓரமெல்லாம் கருகி நொறுங்குகிறது. நிழலில் கிடந்து வாடுகிறதே என்று பாவம் பார்த்து வெயிலில் எடுத்து வைத்தேன். இன்னும் மோசமாகிவிட்டது. நன்றி கெட்ட ஜென்மங்கள்.

வாசல்படிக்குப் பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியில் உன் சிவப்பி மட்டும் தெம்பாக இருக்கிறாள். போன டிசம்பரில் உச்சி இலையெல்லாம் சிவந்து தெருவையே நிறுத்தினாளே, இந்த வருஷமும் அப்படி ஆவாளா, அதற்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமா என்று எழுது. மற்றபடி விசேஷமில்லை.

அக்கா


செப்டம்பர் 10

அக்கா,

உன் உத்தரவுப்படி செடி விஷயம் மட்டும்.

முதலில் வாளியைத் தூக்கி மூலையில் வை. காகிதப்பூவுக்குத் தாகம் எடுத்தால்தான் பூக்கிற ஞாபகம் வரும். இலை துவளும்வரை தண்ணீரைக் கண்ணில் காட்டாதே. நல்ல வெயில் இருந்தால் அதற்குப் போதும். பெரணியை வெயிலில் வைத்தாயா? அடிப்பாவி! அதற்கு நிழலும் ஈரக் காற்றும் வேண்டும். குளியலறை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடு, வெந்நீர் ஆவி பட்டே பிழைத்துக்கொள்ளும். கருகிய மட்டையை அடியோடு வெட்டு. கத்தரிக்கோல் உன் கையில் இல்லாமல் வேறு யார் கையில் இருக்கும்?

நான் வேலை செய்யும், செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டில் பெரணிகளுக்குத் தனி அறை இருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் உள்ளே புகைமூட்டமாக இருக்கும். கூரையிலிருந்து சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்கும். நடுவில் நான் நடந்து போவேன். சுருண்டிருக்கும் மட்டைகள் விரிகிற நேரம் அது. பார்த்துக்கொண்டே இருந்தால் விரியாது, கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பினால் விரிந்திருக்கும். சில நாள் நான் வேலைக்கு வந்துவிட்டேனா, இன்னும் படுக்கையில்தான் இருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. கையைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வேன்.

இங்கே ஒரு செடி இருக்கிறது. மார்ச்சில் வேறு ஊர் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. இன்னும் சரியாக வேர் பிடிக்கவில்லை. ராத்திரிக் குளிர் அதற்கு ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு இலை உதிர்க்கிறது. பிடுங்கின இடத்தில் குழியை மூடிவிட்டார்களா என்று அதற்குத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். செடி விஷயம்தான், மடித்துவிடாதே.

சிவப்பிக்கு நீ ஒன்றும் செய்ய வேண்டாம். தொட்டியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள். நுனியைக் கிள்ளினால் கிளை பிரியும், ஆனால் வெட்டின இடத்தில் வடியும் பால் கையில் பட்டால் அரிக்கும், கழுவிவிடு. நவம்பர் பிறந்ததும் உச்சி இலைகள் தானாகச் சிவக்கத் தொடங்கும். அது பூ இல்லை அக்கா, இலைதான். நடுவில் மஞ்சளாகச் சின்னதாக இருப்பதுதான் பூ, அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

பல் டாக்டர் வீட்டுத் திரை விஷயத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

தூங்குமூஞ்சி


அக்டோபர் 2

தூங்குமூஞ்சிக்கு,

நீ சொன்னபடி காகிதப்பூவைப் பட்டினி போட்டேன். வெட்கங்கெட்டது, மொட்டு வைத்துவிட்டது. தாங்கித் தாங்கி வளர்த்தபோது ஒன்றுமில்லை, திரும்பிப் பார்க்காமல் விட்டதும் குலுங்குகிறது. இந்தப் புத்தியை வேறு யாரிடமோ பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், செடி விஷயம் மட்டும்.

பெரணி புதுக் குருத்து விட்டிருக்கிறது. குளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன், ஆவி போகட்டும் என்று. ஒரு செடிக்காக ஈரத் தலையோடு நிற்கிறேன், காலம் கெட்டுத்தான் போயிற்று.

அந்த இடம் மாற்றி நட்ட செடிக்குக் குளிர் ஆகவில்லை என்றால் கம்பளிச் சட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல். தலையைத் துவட்டிவிட்டுப் படுக்கச் சொல். செடிக்குத் தலை ஏது என்று கேட்காதே. குழியை மூட எனக்கு நேரம் இல்லை, தையல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அதனால் அது அப்படியே திறந்துதான் கிடக்கிறது.

'திரை விஷயத்தைப் பற்றி எழுத மாட்டேன்' என்று எழுதுவது எழுதினதுதானே! நீ ஆரம்பித்தாய், நான் முடிக்கிறேன். அளவெடுக்கப் போனவள் ஜன்னலைப் பார்க்க வேண்டும். நீ ஜன்னலுக்கு வெளியே படர்ந்த கொடியைப் பார்த்துக்கொண்டு வாயில் வந்த அளவைச் சொன்னாய். நான் நம்பி அத்தனை ஜன்னலுக்கும் வெட்டினேன். மாட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரு முழம் குட்டை. நாற்காலியில் படுத்திருப்பவர்கள் காலை உதைத்துக்கொள்வது தெருவுக்கெல்லாம் தெரிகிறது. ஊரே சிரித்தது. அந்தக் கோபத்தில்தான் "நீ செடியோடயே போய்க் குடும்பம் நடத்துடி"ன்னு சொன்னேன். கோபத்தில் ஆயிரம் சொல்வார்கள். மறுநாளே வேலைக்கு எழுதிப்போட்டுப் பெட்டி கட்டுவார்களா யாராவது?

இந்தப் பத்தியைச் செடிக் கணக்கில் சேர்த்துக்கொள். கொடி வருகிறது இல்லையா.

அக்கா


அக்டோபர் 14

அக்கா,

அந்தச் செடி கம்பளிச் சட்டை வாங்கிவிட்டது. சாம்பல் நிறம். குழி திறந்திருக்கிறது என்று படித்ததிலிருந்து இலை உதிரவில்லை.

இப்போது எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். நீ கேட்டால் சிரிப்பாய். திரை போடுகிற வேலை! செவ்வந்திக்கு நீளமான இருட்டு வேண்டும், அப்போதுதான் மொட்டுக் கட்டும். இருட்டு ஒரே துண்டாக இருக்க வேண்டும், நடுவில் ஒரு கிழிசல் கூடாது. வெளியே சாலை விளக்குகள் இருக்கின்றன. அந்த வெளிச்சம் கண்ணாடி வழியாக வந்து விழுந்தால் செடி இன்னும் பகல்தான் என்று நினைத்துக்கொண்டு இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் பொழுது சாயும்போது நான் வரிசையாக நடந்து கறுப்புத் துணியை இழுத்து மூடுவேன். கம்பியில் வளையங்கள் ஓடும் சத்தம் அப்படியே நம் கடைச் சத்தம். கண்ணை மூடினால் நீ பக்கத்தில் மிஷினில் உட்கார்ந்திருப்பாய்.

எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கடைசி வரிசையில் கொஞ்ச நேரம் துணிக்குள்ளேயே நிற்பேன். ஒன்றுமே தெரியாது. இலைகள் மூச்சு விடுகிற வாசனை மட்டும் வரும், ஈர மண்ணும் கசப்பும் கலந்து. எனக்கும் சேர்த்து யாரோ போர்த்திவிட்ட மாதிரி இருக்கும். இங்கே கூட வேலை செய்கிறவர்கள் "எங்க அந்தப் பொண்ணு? செடியோட சேர்த்து மூடிட்டாங்களா?" என்று கேலி செய்கிறார்கள்.

ஒரு சந்தேகம். துணி இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. நான் தைத்தேன். தைத்த இடத்தில் ஊசித் துளை வழியாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வருகிறது. அது உள்ளே இருக்கிறவளுக்கு அழகாகத்தான் இருக்கிறது, செடிக்கு ஆகாது. என்ன செய்யலாம்?

சிவப்பி எப்படி?

தூங்குமூஞ்சி


அக்டோபர் 28

தூங்குமூஞ்சிக்கு,

உன் தையலை நான் பார்க்காமலே சொல்லுவேன், ஒற்றைத் தையல் போட்டிருப்பாய். கிழிசலுக்கு இரண்டு பக்கமும் ஒட்டு வை. ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போடு. இந்தப் பக்கத் துளைக்கு நேராக அந்தப் பக்கத் துளை வரக் கூடாது, தள்ளித் தள்ளிக் குத்து. நூலை மெழுகில் இழுத்துக்கொண்டால் துளை அடைபடும். பத்து வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. வெளியில் குருவி பார்த்துக்கொண்டிருந்திருப்பாய்.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் நேற்று வந்திருந்தார். புதுத் திரை வேண்டும் என்று கேட்பார் என்று நான் டேப்போடு எழுந்தேன். "வேண்டாம்மா, நீங்களே வந்து பாருங்க"ன்னு கூட்டிக்கொண்டு போனார். திரைக்குக் கீழே தெரிந்த அந்த ஒரு முழத்தில் வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டி வைத்திருக்கிறார். மஞ்சளும் சிவப்பும் பச்சையும். வெயில் நேராகப் படுவதால் நிறம் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் பயத்தை மறந்து அதையே பார்க்கிறார்களாம். "உங்க தங்கச்சி சரியாத்தான் அளவெடுத்திருக்காங்க, நமக்குத்தான் லேட்டாப் புரியுது"ன்னு சிரிக்கிறார். பல்லைப் பிடுங்குகிறவருக்குப் பேச்சைப் பார். ஆனாலும் தொட்டி வரிசை நல்லாத்தான் இருந்தது.

சிவப்பி என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். அத்தனையும் பச்சை. நவம்பருக்குக் காத்திருக்கிறேன்.

அக்கா


நவம்பர் 9

அக்கா,

டாக்டர் வீட்டுக் குரோட்டன்ஸைப் பற்றிப் படித்துவிட்டுப் பெரணி அறையில் போய் அழுதேன். அங்கே யார் கன்னமும் ஈரமாகத்தான் இருக்கும், ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

உன் தையல் பிடித்துவிட்டது, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மேற்பார்வையம்மா துணியைத் தடவிப் பார்த்து "யார்கிட்ட கத்துக்கிட்டே?" என்று கேட்டார். சொன்னேன்.

சிவப்பி இன்னும் பச்சையாக இருக்கக் கூடாதே. இந்நேரம் உச்சியில் ஒரு இலையாவது நிறம் மாறியிருக்க வேண்டும். உரம் அதிகம் போட்டாயா? போட்டிருந்தால் நிறுத்து. தண்ணீரைக் குறை, மேல் மண் காய்ந்த பிறகு ஊற்று. பகல் வெயில் பட வேண்டும். சிவப்பிக்கும் செவ்வந்தி மாதிரி நீள இருட்டு வேண்டும்தான். ஆனால் அதை நான் கேட்கவே வேண்டாம். நம் வீட்டு வாசல் கிணற்றுக்குள் மாதிரி கும்மிருட்டு. "விளக்குப் போட்டா பூச்சி வரும்"னு நீ விருந்தாளிக்குக்கூடப் போட்டதில்லை. அந்த இருட்டில்தான் போன வருஷம் அவள் அப்படிச் சிவந்தாள்.

இனி எழுதப்போவது செடி விஷயம் இல்லை. மடிப்பதானால் இங்கேயே மடித்துவிடு.

மேற்பார்வையம்மா என்னை இங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். பிப்ரவரி முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு இந்த வேலை பிடிக்கிறது அக்கா. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் கிளம்பினபோது நீ வாசலில் நின்று கத்தினாயே, "போறவ போ. திரும்பி வரும்போது இந்த வாசல்ல உனக்காக விளக்கு எரியும்னு மட்டும் நினைக்காதே"ன்னு. தெரு முனை திரும்பும்வரை அது என் முதுகிலேயே இருந்தது, இன்னும் இருக்கிறது. ஒரு வீடு இருந்து அதை விட்டுத் தள்ளி வேலைக்கு வருவது ஒரு மாதிரி. வீடே இல்லாமல் இங்கே தங்கிவிடுவது வேறு மாதிரி. நான் இதில் எது என்று தெரியாமல் கையெழுத்துப் போட முடியவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

தூங்குமூஞ்சி


நவம்பர் 24

தூங்குமூஞ்சிக்கு,

நீ சொன்ன இடத்தில் மடித்தேன். பிறகு பிரித்துப் படித்தேன். அதற்குப் பதில் எனக்கு எழுத வராது. செடி விஷயம் மட்டும் என்று பேச்சு.

உரம் போடவே இல்லை. தண்ணீரைக் குறைத்துவிட்டேன். வெயில் காலையிலிருந்து படுகிறது. தொட்டியை இடம் மாற்றலாம் என்றால் அது சிமெண்டு, படியோடு சேர்த்துப் பூசினது, ஆனை வந்தாலும் அசையாது. சிவப்பி பச்சையாகவே நிற்கிறாள். போகிறவர்கள் "என்னம்மா, போன வருஷம் அப்படிச் சிவந்துச்சே"ன்னு கேட்கிறார்கள். கோபம் வந்தால்தானே சிவக்கும், இவளுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் படியில் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். முன்பெல்லாம் சாயந்திரத்தில் வாசல்பக்கம் வரவே மாட்டேன் இல்லையா? இப்போது பிடித்துவிட்டது. தெரு அடங்கும். ஈசல் மாதிரிச் சின்னப் பூச்சிகள் அவள் இலை மேல் வந்து வந்து விழும். ஒரு பல்லி சுவரில் அவளுக்கு மேலேயே டேரா போட்டிருக்கிறது. சாயந்திரமானால் கடை திறக்கிறவன் மாதிரி வந்துவிடும், பூச்சி தின்று தின்று நன்றாகக் கொழுத்துவிட்டது. நான் அதனிடம் ஏதாவது பேசுவேன். அது தலையை ஆட்டும். மறுபேச்சுப் பேசாத ஒரு ஜீவன் இந்த வீட்டுக்கு இப்போதுதான் வாய்த்தது.

சிவப்பிக்கு வேறு என்ன செய்யலாம் என்று எழுது. இல்லாவிட்டால் விட்டுவிடு, பச்சையும் நிறம்தான்.

அக்கா


டிசம்பர் 4

அக்கா,

பல்லி எதற்கு அங்கே வருகிறது?

இருட்டில் பூச்சி வராது. பூச்சி இல்லாத இடத்தில் பல்லி கொழுக்காது. நம் வாசலில் நான் ஒருநாளும் பல்லியைப் பார்த்ததில்லை. நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கறுப்புத் துணிக்குள் நிற்கும்போதுதான் சட்டென்று புரிந்தது. துணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சிவப்பிக்கு உரத்திலும் குறை இல்லை, தண்ணீரிலும் குறை இல்லை. அவளுக்கு ராத்திரியே வரவில்லை அக்கா. விடிய விடிய அவள் தலைக்கு மேல் விளக்கு எரிகிறது. மார்ச்சிலிருந்தா?

உண்மையைச் சொல்லு. செடி விஷயமாகத்தான் கேட்கிறேன்.

தூங்குமூஞ்சி


டிசம்பர் 15

தூங்குமூஞ்சிக்கு,

ஆமாம்.

நீ போன அன்று சாயந்திரமே போட்டேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன், தையல் ஓடவில்லை. எழுந்து போய்ப் போட்டேன். ஒருவேளை பஸ் கிடைக்காமல் திரும்பி வந்தால் படி தடுக்கி விழுவாயே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் என்ன சாக்குச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. பிறகு சாக்குச் சொல்வதை விட்டுவிட்டேன்.

செவ்வந்திக்கு இருட்டு வேண்டும் என்று நீ எழுதினபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. சிவப்பிக்கும் அதேதான் என்று நீ எழுதினதைப் படித்த அன்றைக்கு நேராகச் சுவிட்ச்சுக்குப் போனேன். விரலை வைத்தேன். கை வரவில்லை. ஒரு செடி சிவக்கவில்லை என்றால் என்ன கெட்டுப்போயிற்று? தெருவில் யாராவது பெட்டியோடு திரும்பும்போது நம் வீடு இருட்டாக இருந்தால் என் மனசு என்ன ஆவது? அதனால் உன்னிடம் பல்லிக் கதையெல்லாம் எழுதிச் சமாளித்தேன். அதுவே காட்டிக்கொடுக்கும் என்று யார் கண்டது?

விளக்கை அணைக்கச் சொல்லாதே. அணைக்க மாட்டேன். ஆனால் உன் செடியையும் கெடுக்க மாட்டேன். நான் என்ன, தைக்கத் தெரியாதவளா?

கறுப்பு லைனிங் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு, கூம்பு மாதிரி நாலு துண்டு வெட்டிச் சேர்த்து, சிவப்பிக்கு ஒரு தொப்பி தைத்துவிட்டேன். துளைக்கு நேராகத் துளை வராமல் தள்ளித் தள்ளித் தைத்திருக்கிறேன், நூல் மெழுகு இழுத்தது. இலையில் உராயாமல் இருக்கத் தொட்டியில் மூங்கில் குச்சி ஊன்றி அதன் மேல் கவிழ்க்கிறேன். பொழுது சாயும்போது போடுகிறேன், காலைக் காபி முடிந்ததும் எடுக்கிறேன். வெளியே விளக்கு எரிகிறது, உள்ளே அவள் தூங்குகிறாள். ஒரே வாசலில் இரண்டும் நடக்கிறது. தெருவில் போகிறவர்கள் சாமியாரா அது என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

போன கடிதத்தில் பதில் எழுத வராது என்றேன். வந்த வரைக்கும் எழுதிவிட்டேன்.

அக்கா


டிசம்பர் 27

அக்கா,

உன் கடிதத்தைக் கம்பளிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஈரக் கையால் எடுத்து எடுத்து மை கலைந்துவிட்டது. மனப்பாடம் ஆகிவிட்டதால் பரவாயில்லை.

இப்போது தினமும் பொழுது சாயும்போது நான் துணியை இழுக்கிறேன், நீயும் அங்கே தொப்பியைக் கவிழ்க்கிறாய். இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் பொழுது சாயுமா, எனக்குத் தெரியாது. சாயும் என்றே வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்ட பிறகு இந்த வேலையே மாறிவிட்டது. என் கையில் இருப்பது துணியின் ஒரு முனை. மறுமுனை உன் கையில் இருக்கிறது. நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன், நீ அந்தப் பக்கம் இழுக்கிறாய், நடுவில் இருக்கிற ஊர், மலை, பஸ், சாலை எல்லாம் அதற்கடியில் தூங்கப்போகிறது. முந்தாநாள் தூக்கத்தில் அந்தத் துணிக்கடியில் நடந்தேன். வழி முழுக்கச் செடி வாசனை. எங்கேயோ தூரத்தில் ஒரு ஊசித் துளை அளவு வெளிச்சம் தெரிந்தது. செடிக்கு ஆகாதே, அடைக்க வேண்டுமே என்று பதறினேன். கிட்டே போகப் போகத்தான் அது நம் வாசல் என்று தெரிந்தது. அடைக்காமல் விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் லீவு கிடைக்கிறது. வருகிறேன். கையெழுத்தை இன்னும் போடவில்லை. வந்து உன் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். தொப்பியை எந்த நாளும் மறந்துவிடாதே, இருட்டில் ஒரு கிழிசல் விழுந்தால் அவள் குழம்பிப்போவாள்.

தூங்குமூஞ்சி


ஜனவரி 18

தூங்குமூஞ்சிக்கு,

இன்று காலை தொப்பியை எடுத்தேன். உச்சி இலை ஒன்றில் நடு நரம்பு சிவந்திருக்கிறது. நூல் கறை என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கறை இல்லை.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாயை மட்டும் பார்த்துப் பழகினவர், "ஆ காட்டு"ன்னு சொல்லாத குறையாகக் குனிந்து பார்த்தார். "ஆமாங்க, வருதுங்க"ன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிவைத்தேன்.

எந்த பஸ், எந்த நேரம் என்று எழுது. நான் ஸ்டாண்டுக்கு வர மாட்டேன், தொப்பி போடுகிற நேரமாக இருக்கும். வழி உனக்குத் தெரியும்.

அக்கா


பிப்ரவரி 11

தூங்குமூஞ்சிக்கு,

இது தபாலில் வராது. உன் காபி டம்ளருக்கு அடியில் வைக்கிறேன். விடிந்து எவ்வளவோ நேரமாயிற்று, நீ இன்னும் போர்வைக்குள் கிடக்கிறாய். சும்மாவா வைத்தேன் அந்தப் பெயரை.

நேற்று வாசலில் வந்து நின்றதும் முதலில் சிவப்பியைத்தான் பார்த்தாய். மூன்று கிளையில் முழுச் சிவப்பு, மற்றதில் பாதி. மண்டியிட்டு ஒவ்வொரு இலையாகத் தொட்டாய். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மிஷின் மாதிரி நின்றேன். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாய். "இளைச்சுட்டே"ன்னு நீயும், "கறுத்துட்டே"ன்னு நானும். அதற்கு மேல் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இரண்டு பேரும் மண், உரம், பெரணி என்றே பேசிக்கொண்டிருந்தோம். எழுதிப் பழகிவிட்டதால் வாய் அங்கேயே போகிறது. அதனால் இதையும் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ அந்தக் கண்ணாடி வீட்டைப் பற்றிப் பேசும்போது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே ஜன்னல் அளவெடுத்த வருஷங்களில் ஒருநாளும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. நீ அங்கேதான் சிவப்பாய். நிரந்தரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடு. எனக்குப் பாரமாக இருக்குமா என்றால், இருக்கும். நீ இல்லாத வீடு நன்றாகவே இல்லை. அதை மறைத்துக் காட்டத்தான் அன்று அப்படிக் கத்தினேன். இந்தத் தடவை கத்த மாட்டேன், பெட்டியைத் தெரு முனைவரை நானே தூக்கிக்கொண்டு வருவேன். லீவு விட்டால் ஓடி வா. குழி திறந்தே இருக்கும்.

நேற்று நீ படுத்த பிறகு கதவைப் பூட்டினேன். வழக்கம்போல விளக்கைப் பார்த்தேன். வர வேண்டியவள் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள், இது எதற்கு என்று தோன்றியது. மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக ராத்திரியில் அணைத்தேன். பல்லிக்குத்தான் கோபம், சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். நீ கிளம்புகிற அன்று சாயந்திரம் மறுபடி போட்டுவிடுவேன்.

சிவப்பிக்குத்தான் தொப்பி இருக்கிறதே.

அக்கா